பாம்புக்கடியும் பறிபோன பொழுதும்

"பாம்பென்றால் படையும் நடுங்கும்" என்பது பழமொழி. படை நடுங்குவதில் வியப்பில்லை, குற்றமும் இல்லை. நடுங்கிய படை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. பாம்பு கடித்துவிட்டது என்றதும் மனிதன் எங்கெங்கே ஓடினான், எதை எதை நம்பினான், கடைசியில் எந்த வாசலில் வந்து நின்றான் என்பது ஒரு நீண்ட வரலாறு. அதை இன்று உங்களுக்குச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன். என் வீட்டில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். மற்றதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்கு அதுவே காரணம்.

1957-ஆம் ஆண்டு. எனக்கு வயது பத்து. ஐப்பசி மாதத்து அடைமழை. எங்கள் வீடு ஓட்டு வீடு. பின்புறம் வைக்கோற்போர், அதையடுத்து வயல். என் அத்தை கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தாள். நடுநிசிக்கு மேல் வயிறு வலிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்தாள். இரவுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று பாட்டி சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். சிறிது நேரத்தில் தொண்டை அடைக்கிறது என்றாள். பிறகு அவள் கண்ணிமைகள் தாமாகவே சரிந்தன. தூக்கக் கலக்கம் என்று நினைத்தோம். பேச்சுக் குழறியபோதுதான் அப்பாவுக்கு ஐயம் தட்டியது. விளக்கை எடுத்துவந்து பாயைப் புரட்டினார். தலைமாட்டில், சுவரோரமாக, கன்னங்கரிய உடலும் மெல்லிய வெள்ளைக் கோடுகளுமாக ஒரு கட்டுவிரியன் சுருண்டு கிடந்தது.

அரிக்கேன் விளக்கை என் கையில் கொடுத்து ஓடச் சொன்னார்கள். தெருக்கோடியில் இரண்டு வீடுகள் அருகருகே இருந்தன. ஒன்று வண்டிக்காரர் வீடு. மற்றொன்று விஷக்கடிக்கு மந்திரிக்கும் பெரியவர் வீடு. நான் எழுப்பியது பெரியவரை. அப்படித்தான் சொல்லியனுப்பினார்கள், எனக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை. அவர் மழையில் நனைந்துகொண்டே வந்தார். கடிவாயைத் தேடினார், கிடைக்கவில்லை. வேப்பிலை கொண்டு விடியும்வரை மந்திரித்தார். ஆறு மைலுக்கு அப்பால் ஆஸ்பத்திரி இருந்தது. பொழுது புலர்ந்த பிறகே வண்டி பூட்டினார்கள். பாதி வழியில் அத்தையின் மூச்சு நின்றுவிட்டது.

நேரத்தோடு போயிருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். பிழைப்பதற்கு இருந்த ஒரே வழியில் நாங்கள் அந்த இரவு அடியெடுத்து வைக்கவில்லை என்பதை மட்டும் அடித்துச் சொல்வேன்.

மந்திரித்த பெரியவரை நான் பழிக்கவில்லை. அவர் நல்லவர். யாரிடமும் ஒரு காசு வாங்கமாட்டார். எந்த நள்ளிரவில் கூப்பிட்டாலும் முகம் சுளிக்காமல் வருவார். அவர் மந்திரித்துப் பிழைத்தவர்கள் எங்கள் ஊரில் இருபது பேராவது இருந்தார்கள். அவர்களுள் பலரை நானே அறிவேன். அவர்கள் பிழைத்தது பொய்யன்று. அப்படியானால் அவர் மந்திரம் மெய்யா? மெய்யென்றால் என் அத்தை விஷயத்தில் ஏன் பலிக்கவில்லை? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. வளர்ந்த பிறகு விடை தேடிப் படித்தபோது ஒன்று தெரிந்தது. எங்கள் ஊர்ப் பெரியவர் ஏமாந்த அதே இடத்தில் உலகத்துப் பெரிய பெரிய மருத்துவர்களும் ஏமாந்திருக்கிறார்கள்.

பதினேழாம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டில் பிரான்செஸ்கோ ரெடி என்று ஒரு மருத்துவர் இருந்தார். விரியனின் கோபமே நஞ்சாகிறது என்றும், அதன் பித்தப்பையிலே நஞ்சு இருக்கிறது என்றும் அந்நாளில் நம்பினார்கள். பல்லின் வழியே வடியும் மஞ்சள் நீரே நஞ்சு என்று ரெடி 1664-இல் எடுத்துக்காட்டினார். அந்தக் காலத்தில் நம் நாட்டிலிருந்து சென்ற பாதிரிமார்கள் "விஷக்கல்" என்ற ஒன்றை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். கடிவாயில் வைத்தால் கல் நஞ்சை உறிஞ்சிவிடும் என்று அரசர்களே அதை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்தார்கள். ரெடி அதையும் சோதித்துப் பார்த்தார். கல் ஒட்டிக்கொண்டது உண்மை. நஞ்சை எடுத்தது உண்மையன்று. இதை அவர் 1671-இல் எழுதி வெளியிட்டார். இன்றைக்கும் அந்தக் கல் சில சந்தைகளில் விற்கிறது என்றால், உண்மைக்கு எவ்வளவு மெதுவான கால்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனி நம் கரைக்கு வருவோம். ஸ்காட்லாந்தில் 1727-இல் பிறந்த பாட்ரிக் ரஸ்ஸல், சிரியா நாட்டு அலெப்போ நகரில் பல ஆண்டுகள் வைத்தியம் பார்த்தவர். பிறகு தம்பியுடன் விசாகப்பட்டினம் வந்து சேர்ந்தார். 1785-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரைச் சென்னை இராஜதானியின் இயற்கை ஆராய்ச்சியாளராக அமர்த்தியது. மரம் செடிகளை ஆராய்வதே அவருடைய வேலை. ஆனால் ஊர்தோறும் பாம்புக் கடியால் மனிதர் மாள்வதைக் கண்டு அவர் மனம் பாம்பின் பக்கம் திரும்பியது. எது நஞ்சுள்ள பாம்பு, எது நஞ்சில்லாத பாம்பு என்று மக்களுக்குத் தெரிந்துவிட்டால் பாதி அச்சமும் பாதி ஆபத்தும் நீங்கும் என்று அவர் நம்பினார்.

பாம்பு பிடிப்பவர்களைக் கொண்டு பாம்புகளைச் சேகரித்து, ஒவ்வொன்றையும் படமாக வரையச் செய்தார். அந்த மக்கள் வழங்கிய பெயர்களையே எழுதிக்கொண்டார். நாம் கண்ணாடி விரியன் என்று சொல்லும் பாம்பை அவர் "கட்டுக ரேகுல போட" என்ற தெலுங்குப் பெயராலேயே குறித்திருக்கிறார். பிற்காலத்தில் உலகம் அந்தப் பாம்புக்கு அவர் பெயரையே சூட்டி, ரஸ்ஸல் விரியன் என்று அழைத்தது. சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1796-இல் இலண்டனில் கம்பெனியின் செலவில் வெளியாயிற்று.

அந்நாளில் "தஞ்சாவூர் மாத்திரை" என்று ஒன்று மிகவும் பெயர் பெற்றிருந்தது. வெள்ளைப் பாஷாணம், பாதரசம், மிளகு, நேர்வாளம் முதலிய சரக்குகள் சேர்த்து உருட்டியது அது. பாம்புக் கடிக்குக் கைகண்ட மருந்து என்று வெள்ளைக்காரத் துரைமாரும் அதை நம்பினார்கள். ரஸ்ஸல் அதை வாய்ப்பேச்சாக ஒப்புக்கொள்ளவில்லை. நாய்களையும் கோழிகளையும் நல்ல பாம்பு, கண்ணாடி விரியன் ஆகியவற்றிடம் கடிபடச் செய்து, மாத்திரையைக் கொடுத்துச் சோதித்தார். நம்பத்தக்க மருந்து என்று அவரால் சொல்ல முடியவில்லை. அப்படியானால் மாத்திரை தின்று பிழைத்த மனிதர்கள்?

இங்கேதான், நேயர்களே, என் கேள்விக்கும் விடை கிடைத்தது. இந்திய நாட்டில் 300 வகைக்கு மேற்பட்ட பாம்புகள் உண்டு. அவற்றுள் மனிதருக்குக் கேடு செய்யும் நஞ்சுள்ளவை ஏறத்தாழ 60 வகை. அவற்றிலும் சில கடலில் வாழ்பவை. சில அடர்ந்த மலைக்காட்டில் வாழ்பவை. ஆகவே மனிதனைக் கடிக்கும் பாம்புகளில் பெரும்பாலானவை சாரை, தண்ணீர்ப் பாம்பு போன்ற நஞ்சில்லாப் பாம்புகளே. அதுமட்டுமன்று, நஞ்சுள்ள பாம்பு கடித்தாலும், ஒவ்வொரு முறையும் நஞ்சைச் செலுத்துவதில்லை. வெறுங்கடியாகக் கடித்துவிட்டுப் போய்விடுவதும் உண்டு. சிறிதளவே நஞ்சை இறக்குவதும் உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கடிபட்ட பத்துப் பேர் ஒரு வைத்தியரிடம் போகிறார்கள். ஏழு பேரைக் கடித்தது நஞ்சில்லாப் பாம்பு. ஒருவருக்கு வெறுங்கடி. இரண்டு பேருக்கே நஞ்சு ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வைத்தியர் திருநீறு கொடுத்தாலும், பச்சிலை கொடுத்தாலும், சும்மா தலையைத் தடவிக் கொடுத்தாலும், எட்டுப் பேர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போவார்கள். அவர் கைராசிக்காரர் என்று ஊர் கொண்டாடும். இறந்த இருவரைப் பற்றி, "விதி முடிந்துவிட்டது, காலம் கடந்து கொண்டுவந்தார்கள்" என்று சொல்வார்கள். பிழைத்த எட்டுப் பேரும் ஊரெங்கும் நடமாடிச் சாட்சி சொல்வார்கள். இறந்த இருவரும் வந்து சாட்சி சொல்லப்போவதில்லை. எங்கள் பெரியவர் யாரையும் ஏமாற்றவில்லை. இந்தக் கணக்கு அவரையே ஏமாற்றிவிட்டது.

மருத்துவம் படித்தவர்களையும் இதே கணக்கு ஏமாற்றியது. ரஸ்ஸலுக்குப் பிறகு நூறு ஆண்டுக் காலம் மேனாட்டு மருத்துவர்கள் கையாளாத முறை இல்லை. நவச்சார நீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். பிறகு அதையே இரத்த நாளத்தில் ஊசிவழியாக ஏற்றினார்கள். மதுவைப் புட்டி புட்டியாகப் புகட்டினார்கள். கடிவாயைக் கீறினார்கள், சுட்டார்கள், இறுக்கிக் கட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் பிழைத்தவர்களின் சாட்சி இருந்தது.

இதற்கெல்லாம் ஒரு முடிவு காண முயன்றவர் கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஜோசப் ஃபேரர். அவர் பாம்பாட்டிகளின் உதவியோடு பல ஆண்டுகள் சோதனை நடத்தி, நாட்டு மருந்து, சீமை மருந்து என்ற வேற்றுமை பாராமல் எல்லாவற்றையும் ஆராய்ந்தார். கல்கத்தா ஓவியப் பள்ளியின் இந்திய மாணவர்கள் வரைந்த வண்ணப் படங்களோடு 1872-இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் கண்ணுக்கு விருந்து. ஆனால் அதன் முடிவு மனத்துக்குக் கசப்பானது. நஞ்சு முறையாக ஏறிவிட்டால் அதை முறிக்கும் மருந்து எதுவும் தமக்குத் தெரியவில்லை என்று அவர் ஒளிவுமறைவின்றி எழுதினார். "தெரியவில்லை" என்று ஒரு பெரிய மருத்துவர் துணிந்து சொன்னது, அதுவரை கிடைத்த மருந்துகள் எல்லாவற்றையும்விட மேலான உதவி என்று நான் கருதுகிறேன். தெரியாது என்று ஒப்புக்கொண்ட பிறகல்லவா உண்மையாகத் தேடத் தொடங்குகிறோம்?

அவர் இன்னொன்றும் செய்தார். சாவுகளை எண்ணினார். ஏறக்குறையப் பாதி இந்தியாவிலிருந்து 1869-ஆம் ஆண்டுக்கு அவர் திரட்டிய கணக்கில் 11,416 பேர் பாம்புக் கடியால் இறந்திருந்தார்கள். சர்க்கார் திடுக்கிட்டது. பாம்பைக் கொன்று கொண்டுவருவோருக்குத் தலைக்கு இவ்வளவு என்று வெகுமதி கொடுத்தது. இலட்சக்கணக்கில் பாம்புகள் மாண்டன. சாவு குறையவில்லை. நூற்றாண்டு முடியும்போது சர்க்கார் கணக்கிலேயே ஆண்டுக்கு ஏறத்தாழ இருபதினாயிரம் பேர் இறந்துகொண்டிருந்தார்கள். பாம்பை அழித்துத் தீர்க்க முடியாது; எலி இருக்கும்வரை பாம்பு வரும்; நெல் இருக்கும்வரை எலி வரும்.

விடை வந்தது வேறொரு திசையிலிருந்து. 1891-இல் ஆல்பெர்ட் கால்மெட் என்ற பிரெஞ்சு இளைஞர் வியட்நாமில் சைகோன் நகரத்து ஆய்வுக்கூடத்தின் தலைவராக இருந்தார். அவ்வாண்டு மழைக் காலத்தில் பாக்லியூ என்ற ஊரில் வெள்ளம் புகுந்தது. வளைகளில் இருந்த நாகங்கள் மேட்டைத் தேடிக் குடிசைகளுக்குள் நுழைந்தன. நாற்பது பேர் கடிபட்டு, நால்வர் இறந்தார்கள். ஊரார் ஒருவர் பிடித்த பாம்புகளைப் பீப்பாயில் அடைத்து, கால்மெட்டின் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவைத்தார்கள். அப்போதுதான் ஜெர்மனியில் பேரிங்கும் ஜப்பானியரான கிடசாட்டோவும் ஒரு புதிய உண்மையைக் கண்டிருந்தார்கள். நோய் நஞ்சைச் சிறிது சிறிதாக ஒரு விலங்கின் உடலில் ஏற்றினால், அதன் இரத்தத்தில் அந்த நஞ்சை முறிக்கும் பொருள் உண்டாகிறது என்பது அவர்கள் 1890-இல் வெளியிட்ட செய்தி. பாம்பின் நஞ்சுக்கும் இது பொருந்தாதா என்று கால்மெட் கேட்டார். பொருந்தியது. பாரிஸில் பிசாலிக்ஸ், பெர்த்ரான் என்ற இருவரும் தனியே அதே உண்மையைக் கண்டார்கள். 1894-இல் இரு சாராரும் அதை வெளியிட்டனர். அடுத்த ஆண்டு பிரான்சின் லில் நகரத்தில் குதிரைகளைக் கொண்டு கால்மெட் நஞ்சுமுறி மருந்தைத் தயாரிக்கத் தொடங்கினார்.

கால்மெட்டும் ஓரிடத்தில் தவறினார். நாகத்தின் நஞ்சைக் கொண்டு செய்த மருந்து எல்லாப் பாம்புகளுக்கும் செல்லும் என்று அவர் சொன்னார். இந்தியாவில் ஜார்ஜ் லாம்ப் என்ற மருத்துவர் அதைச் சோதித்து, கண்ணாடி விரியன் நஞ்சுக்கு அந்த மருந்து சிறிதும் செல்லவில்லை என்று காட்டினார். தென் அமெரிக்காவில் விட்டால் பிரேசில் என்ற அறிஞரும் அதே முடிவுக்கு வந்தார். எந்தப் பூட்டுக்கு எந்தத் திறவுகோல் என்பது அப்போதுதான் விளங்கியது. இமயமலை அடிவாரத்துக் கசௌலியிலும், பின்னர்ப் பம்பாய் ஹாஃப்கின் நிலையத்திலும் இந்தியப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டே மருந்து செய்தார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் முறிக்கும் ஒரே கூட்டு மருந்தும் உருவாயிற்று. கடித்த பாம்பு எது என்று தெரியாவிட்டாலும் மருத்துவம் செய்யலாம் என்ற நிலை அதனால் வந்தது.

மருந்து செய்ய நஞ்சு வேண்டும். நஞ்சை எடுக்கப் பாம்பைப் பிடிக்கத் தெரிந்த கை வேண்டும். "பாம்பின் கால் பாம்பறியும்" என்பார்கள். நம் செங்கற்பட்டு வட்டாரத்து இருளர் மக்கள் ஒரு வரப்பைப் பார்த்தே, எந்த வளையில் எந்தப் பாம்பு, எப்போது போயிற்று என்று சொல்லிவிடுவார்கள். நெடுங்காலம் அவர்கள் பிடித்த பாம்புகள் தோலுக்காகவே கொல்லப்பட்டன. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதையடுத்துத் தோல் வணிகம் நின்றது. அவர்கள் பிழைப்பும் நின்றது. அப்போது, சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு, 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் அது இயங்குகிறது. பிடித்த பாம்பை மண்பானையில் சில வாரம் வைத்து, சிலமுறை நஞ்சை எடுத்துவிட்டு, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு, மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். இந்திய நாட்டில் தயாராகும் நஞ்சுமுறி மருந்தில் பெரும்பகுதிக்கு மூலப்பொருளைத் தந்தது இந்தச் சங்கமே. இதன் உறுப்பினர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ரஸ்ஸல் காலத்தில் பெயரின்றி நின்று பாம்பு பிடித்துக் கொடுத்த கைகளுக்கு, இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த மரியாதை என்று நான் அதைக் கருதுகிறேன்.

மருந்து வந்துவிட்டது, நஞ்சு தருவோரும் இருக்கிறார்கள், இனிக் கவலை இல்லை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் 2020-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழப் பன்னிரண்டு லட்சம் பேர் பாம்புக் கடியால் இறந்தனர் என்று மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். அவர்களில் கால் பங்குக்கு மேல் பதினைந்து வயது நிரம்பாத குழந்தைகள். பெரும்பாலோர் கிராமத்தவர், ஆஸ்பத்திரியைக் காணாமல் வீட்டிலேயே இறந்தவர்கள். 2017-இல் உலக சுகாதார நிறுவனம் பாம்புக் கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2030-க்குள் சாவைப் பாதியாக்குவது என்று இந்திய அரசு 2024-இல் திட்டம் வகுத்தது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு, ஒவ்வொரு பாம்புக் கடியையும் மருத்துவமனைகள் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்று விதித்தது. ஃபேரர் தொடங்கிய எண்ணும் வேலை இன்னும் முடியவில்லை.

மருந்து இருந்தும் ஏன் சாகிறார்கள்? மருந்துக்கும் மனிதனுக்கும் இடையே சில மணி நேரம் இருக்கிறது. அந்தப் பொழுதைத்தான் நாம் பறிகொடுக்கிறோம். நஞ்சுமுறி மருந்து, இரத்தத்தில் திரியும் நஞ்சைப் பிடித்து முறிக்கும். நஞ்சு ஏற்கெனவே கெடுத்துவிட்ட சிறுநீரகத்தையும் நரம்பையும் தசையையும் அது திருப்பித் தராது. ஆகவே ஒரு மணி முந்தினால் ஓர் உயிர். ஒரு மணி பிந்தினால் வேறு கதை.

நஞ்சின் நடை பாம்புக்குப் பாம்பு வேறு. நல்ல பாம்பு கடித்த இடம் வீங்கி வலிக்கும். விரைவிலேயே இமை சரிந்து மூச்சுத் திணறும். கண்ணாடி விரியன் கடித்தால் கடுமையான வலியும் வீக்கமும் உண்டாகும், இரத்தம் உறையும் தன்மையை இழந்து, ஈறிலும் சிறுநீரிலும் கசியும், சிறுநீரகம் கெடும். சுருட்டை விரியனும் இரத்தத்தையே கெடுக்கும். மருத்துவர் உங்கள் இரத்தத்தில் சிறிது எடுத்துச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் இருபது நிமிடம் அசையாமல் வைத்துப் பார்ப்பதைக் கண்டிருக்கலாம். இரத்தம் உறையாவிட்டால் விரியனின் நஞ்சு ஏறியிருக்கிறது என்று அறிவதற்கே அந்தச் சோதனை.

கட்டுவிரியனின் வழியே தனி. அது இரவில் திரியும். தரையில் உறங்குவோரைக் கடிக்கும். அதன் பல் சிறியது. கடி வலிக்காது, வீங்காது, பல சமயம் தழும்பும் தெரியாது. சில மணி நேரம் கழித்து வயிற்று வலி வரும்; பிறகு இமை சரியும்; பேச்சுக் குழறும்; கடைசியில் மூச்சுத் தசைகள் ஓய்ந்துவிடும். சில ஊர்களில் இதற்கு எட்டடி விரியன் என்று பெயர். கடிபட்டவன் எட்டடி வைப்பதற்குள் விழுந்துவிடுவானாம். உண்மை நேர்மாறு. என் அத்தை எழுந்தாள், நடந்தாள், கஷாயம் குடித்தாள், எங்களோடு பேசினாள். எட்டடியைத் தாண்டியவளைப் பாம்பு கடித்திருக்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. மழைக் காலத்து இரவில், தரையில் படுத்தவர் காரணமின்றி வயிற்று வலியோடு எழுந்து, இமை தாழ்ந்து பேசினால், பாம்பைத் தேடாதீர்கள்; கடிவாயைத் தேடாதீர்கள்; வண்டியைத் தேடுங்கள். மூச்சு நின்றாலும் இயந்திரத்தால் மூச்சுக் கொடுத்துச் சில நாள் காப்பாற்றினால், பலர் முழுமையாகப் பிழைத்து எழுகிறார்கள். அசைவற்றுக் கிடப்பவர் நாம் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும் என்பதையும் மறவாதீர்கள்.

வரலாறு நமக்குக் கற்பித்தவற்றைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பாம்பு கடித்தால், கடிபட்டவரை உட்காரவோ படுக்கவோ வைத்துத் தைரியம் சொல்லுங்கள். நடக்கவோ ஓடவோ விடாதீர்கள். மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு ஆகியவற்றை உடனே கழற்றிவிடுங்கள். வீங்கினால் அவை விலங்காகும். எலும்பு முறிந்த கையையோ காலையோ கட்டுவதுபோல, ஒரு குச்சியை வைத்து, அசையாதபடி தளர்வாகக் கட்டுங்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டவேண்டாம். இறுக்கியதால் உறுப்பையே இழந்தவர்கள் உண்டு. கீறவேண்டாம், உறிஞ்சவேண்டாம், சுடவேண்டாம், பனிக்கட்டி வைக்கவேண்டாம். 1904-இல் பெரிய மருத்துவர்களே கடிவாயைக் கீறிப் பெர்மாங்கனேட் உப்பை அப்பச் சொன்னார்கள். அதற்கென்று சிறு கத்தியும் செய்து நாடெங்கும் வழங்கினார்கள். பிறகு அது பயனற்றது என்று கைவிட்டார்கள். அவர்கள் கைவிட்டதை நாம் ஏன் எடுக்கவேண்டும்? 108-ஐ அழையுங்கள், அதற்குமுன் வேறு வண்டி கிடைத்தால் அதில் புறப்படுங்கள். கடித்த நேரத்தை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டு போகவேண்டியதில்லை. அடிக்கப் போய் இன்னொருவர் கடிபட்ட கதைகள் ஏராளம். தறித்த தலையும் சிறிது நேரம் கடிக்கும். நஞ்சுமுறி மருந்து சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்குவதால், மருத்துவர் கண்காணிப்பில்தான் அதைச் செலுத்தவேண்டும். வீட்டில் வாங்கி வைத்துக்கொள்ளும் பொருளன்று அது.

கடிபடாமல் இருப்பதோ இன்னும் எளிது. இருட்டில் டார்ச் விளக்கின்றி நடக்காதீர்கள். வரப்பில் செருப்போடும் கோலோடும் செல்லுங்கள். தரை அதிர நடந்தால் பெரும்பாலான பாம்புகள் தாமே விலகிவிடும். கண்ணாடி விரியன் மட்டும் விலகாமல் கிடந்து உரக்கச் சீறும். அந்தச் சீற்றம் கேட்டால் நின்று, பின்வாங்குங்கள். வைக்கோலையும் விறகையும் கையால் அள்ளுமுன் கோலால் கிளறிவிடுங்கள். விறகுக் குவியலும் நெல் மூட்டையும் படுக்கும் இடத்துக்கு அருகில் வேண்டாம். எலியை வீட்டில் வளரவிட்டால் அது விருந்தாளியை அழைத்துவரும். கட்டிலில் படுங்கள். கட்டில் இல்லாவிட்டால், கொசுவலை கட்டி அதன் ஓரத்தைப் பாய்க்கடியில் நன்றாகச் செருகிவிடுங்கள். கொசுவுக்காக வாங்கிய வலை கட்டுவிரியனையும் தடுக்கும். அந்த ஐப்பசி இரவில் எங்கள் வீட்டில் இல்லாத பொருள் அது ஒன்றே.

நேயர்களே, அத்தை இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, மந்திரித்த பெரியவரின் பேரன் ஒருவனைக் கொல்லையில் பாம்பு தீண்டிற்று. பெரியவர் அப்போது மிகவும் தளர்ந்திருந்தார். வேப்பிலையை ஒடித்துக்கொண்டு வந்தார்கள். அவர் அதைக் கையில் வாங்கி, பேரனின் தலையில் ஒருமுறை தடவிவிட்டு, "வண்டியில் ஏற்றுங்கள், நான் வழியெல்லாம் மந்திரித்துக்கொண்டே வருகிறேன்" என்றார். பையன் பிழைத்தான். பிழைத்தது எதனாலென்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று அந்தக் கூட்டத்தில் ஒரு சிறுவன் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனை எழுப்பிய கையால் யாரோ முதலில் வண்டிக்காரர் கதவையும் தட்டியிருந்தார்கள். எனக்கு அது போதும்.